யூரியா போடாமல் வளர்ந்த இரும்பு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், பிறகு வாய் திறக்கும். இரண்டுக்கும் நடுவில் யோசிப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. இதை என் அம்மா சொல்வார், பங்குச் சாமியார் சொல்வார், 1991-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியில் இருந்த முப்பது பேரும் சொல்வார்கள். கம்பெனி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பெங்களூர் ரோட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட், ஓரத்தில் தடுப்பு வைத்து முதலாளியின் அறை, அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட என் இன்ஸ்பெக்‌ஷன் அறை. இன்றைக்குக் கார் கம்பெனிக்காரர்கள் மதில் எழுப்பியிருக்கிற இடத்தில் எல்லாம் அப்போது வேர்க்கடலை போட்டிருந்தார்கள்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண். பெண்களுக்குப் பொறுமை அதிகம், இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சரியாக வருவார்கள் என்று முதலாளி எங்கேயோ கேள்விப்பட்டு என்னை எடுத்தார். பொறுமை விஷயத்தில் அவர் ஏமாந்து போனார். கை மட்டும் சரியாக இருந்தது.

நாங்கள் செய்தது புஷ். இரும்பில் செய்த கெட்டியான வளையம், உள்ளே ஒரு ஓட்டை. அந்த ஓட்டை இருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு துளி குறையக் கூடாது. மேலே பதிமூன்று மைக்ரான் வரைக்கும் போகலாம். மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனத்தில் ஐம்பது, அறுபது மைக்ரான் இருக்கும். ஆக, நாங்கள் முப்பது பேரும் ஒரு முடியில் கால்வாசிக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

சண்டையைத் தீர்த்து வைப்பது கேஜ். கைப்பிடி வைத்த ஒரு இரும்புத் தண்டு, இரண்டு முனை. ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும். இன்னொரு முனை போகக் கூடாது. முதல் முனை போகாவிட்டால் ஓட்டை சின்னது, ரிஜெக்ட். இரண்டாவது முனை போய்விட்டால் ஓட்டை பெரியது, அதுவும் ரிஜெக்ட். இதற்கு யோசிக்கவே வேண்டாம், அதனால்தான் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அந்த வருஷம் நாட்டில் டாலர் இல்லை. முன்பெல்லாம் வெளிநாட்டு கேஜ் வாங்குவார்களாம். இப்போது அதற்கு விண்ணப்பம் போட்டால் பதில் வருவதற்குள் புஷ்ஷே துருப்பிடித்துவிடும். நம்ம ஷெட்டிலேயே ஒன்று செய்துவிடலாம் என்றார் முதலாளி. தை மாதம் செய்தோம். செய்தவர் எங்கள் கிரைண்டிங் மெஷின்காரர். பென்னலூர்க்காரர், நாற்பது வயதுக்குக் கிட்டே. வீட்டில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடலையும் நெல்லும் போட்டுக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் மெஷின் பக்கம் வந்தவர். மூன்று வருஷமாக டெம்பரரி. ஆடி கழிந்ததும் பர்மனென்ட் பண்ணுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் அளந்து பார்த்ததில்லை.

கேஜுக்கு நாங்கள் எடுத்த இரும்புக்கு வியாபாரத்தில் சுருங்காத ஸ்டீல் என்று பெயர். எண்ணெயில் போட்டாலும் சுருங்காதாம். அதை அம்பத்தூரில் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனோம். உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து எண்ணெயில் முக்கினார்கள். புகை அடங்கியதும் அதை லேசான சூட்டில் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பாதியில் கரண்ட் போய்விட்டது. "கெட்டியா ஆயிடுச்சு, எடுத்துக்கினு போங்க" என்றார்கள். எடுத்துக்கினு வந்தோம். அண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து, மூச்சுகூட மெதுவாக விட்டு, அதை அளவுக்குக் கொண்டு வந்தார். எங்கள் புஷ்ஷை வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து அளவுக்கட்டைகளை ஒரு நாள் கடன் வாங்கி நான் அளந்தேன். அச்சு அசலாக இருந்தது. ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புது வேலை ஆரம்பித்தால் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பீஸ் வாங்குகிறவனுக்குப் போகாது. கற்பூரம் காட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மெஷினுக்கு மேலே சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார்கள். அது சாமி பங்கு. ஆனாலும் அதையும் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணித்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சாமிக்கு ரிஜெக்ட் பீஸ் கொடுப்பதா? கேஜ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. என் நம்பரை புஷ்ஷின் பக்கத்தில் பஞ்ச் அடித்துக் கொடுத்தேன். அண்ணன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே வைத்தார்.

பிறகு வெயில் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று அதற்குக் கீழே நின்றவர்களுக்குத் தெரியும். சூட்டில் இரும்பு விரியும், இது பள்ளிக்கூடத்துப் பாடம். நான் கேஜைப் பார்த்தேன். தொட்டால் சுட்டது. ஐயோ பாவம், விரிந்துபோகுமே என்று எனக்குப் பதறியது. முதலாளி அறையில் ஒரு ஃப்ரிட்ஜ் உண்டு. அவருக்குச் சர்க்கரை, ஊசி மருந்து வைப்பதற்காக வாங்கிப் போட்டது. அனுமதி கேட்டேன். "வெச்சுக்கம்மா, மருந்த மட்டும் தள்ளிடாத" என்றார். தினமும் வேலை முடிந்ததும் கேஜைத் துடைத்து, எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் உறைகிற பெட்டியில் வைப்பேன். காலையில் எடுத்து அரை மணி நேரம் மேஜையில் வைத்துவிட்டு அப்புறம்தான் தொடுவேன். என் கவனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த மே மாதம் எங்கள் ஊரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பஸ் ஓடவில்லை, ரோடு முழுக்க போலீஸ், கம்பெனி ஒரு வாரத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. ஃப்ரிட்ஜை யாரும் திறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது ஐஸ்பெட்டிக்குள் பனி விரலளவு கனத்துக்கு ஏறியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தித்தான் கேஜை வெளியே எடுத்தேன்.

அந்த வாரமே ரிஜெக்‌ஷன் ஆரம்பமானது. அண்ணன் கொண்டு வந்து வைத்த தட்டில் பாதிக்கு மேல் கேஜ் போகவில்லை. ஓட்டை சின்னது. நான் சிவப்பு மையில் சிலிப் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். மூன்றாம் நாள் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மேடம், நான் எப்பயும் அடிக்கிற சைஸ்தான் அடிக்கிறேன். ஏன் போவல?"

"ஏன் போகலைன்னா, ஓட்டை சின்னதா இருக்கு, அதான் போகலை."

அவர் கேஜை வாங்கிப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு, ரொம்ப யோசித்தவர் மாதிரி, "உங்க கேஜு வளந்துகீது மேடம்" என்றார்.

என் காது சூடானது. ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "இரும்பு வளருதா? ஏன்ணா, யூரியா போட்டீங்களா?"

ஷெட்டு சிரித்தது. லேத்தில் இருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பாக்கிங்கில் ஒருவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன். அவர் மட்டும் கேஜை மேஜையில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானத்திலிருந்து அவருக்கு யூரியா என்று பெயர். "யூரியா, டீ வந்துச்சு", "யூரியாவக் கூப்புடு". அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வைத்தது நான்தான், அதனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். ஓட்டை சின்னதாக இருந்தால் மறுபடி கிரைண்டிங் பண்ணிப் பெரிதாக்கலாம். பெரிதாகிவிட்டால் அதைச் சின்னதாக்க ஆண்டவனாலும் முடியாது. அதனால் நல்ல கிரைண்டர்காரர் எப்போதும் கீழ் அளவை ஒட்டியே அடிப்பார். அண்ணன் அப்படித்தான் அடித்தார். நான் திருப்பி அனுப்பியதை எல்லாம் அவர் மறுபடி மாட்டி, இன்னொரு தடவை திரும்பி வரக் கூடாதென்று கொஞ்சம் தாராளமாகவே தேய்த்து, என் கேஜ் வழுக்கிக்கொண்டு போகிற வரைக்கும் பெரிதாக்கிக் கொடுத்தார். நான் பச்சை மையில் பாஸ் எழுதினேன். நிம்மதியாக இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் புஷ் பெரிய கம்பெனிக்குப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தனையும் லாரியில் திரும்பி வந்தது. ஓட்டை பெரியது, தொளதொளவென்று இருக்கிறது என்று ஒரு கடிதம்.

முதலாளி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. "போன மாசம் சின்னது, இந்த மாசம் பெருசு. குடிக்கிறானா?" என்று என்னைக் கேட்டார். அண்ணன் குடிப்பதில்லை என்று சொன்னேன். "அப்போ கை போயிடுச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு" என்றார். சொல்வதற்கும் நான்தானா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த ரோட்டில் இருந்தது ஏழெட்டு ஷெட். எல்லா ஷெட்டுக்காரர்களும் ஒரே டீக்கடையில்தான் டீ குடிப்பார்கள். ஒருவனுக்குக் கை போய்விட்டது என்று ஒரு முதலாளி சொன்னால் போதும், அப்புறம் யாரும் அவனிடம் மெஷினைக் கொடுக்க மாட்டார்கள். அண்ணனுக்குப் போனது ஒரு வேலை மட்டும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் சொன்னதும் அவர் நேரே தன் மெஷினுக்குப் போனார். ஸ்டூலில் ஏறினார். சாமி படத்துக்குக் கீழே இருந்த முதல் புஷ்ஷை எடுத்தார். ஐந்து மாதக் குங்குமம் காய்ந்து கருத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து என் மேஜையில் வைத்தார்.

"இதுல உங்க நம்பர் கீது. போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். கேஜ் போகவில்லை. புஷ்ஷைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். போகவில்லை.

"புஷ் சுருங்கியிருக்கும்" என்றேன். வாய்க்கு வந்துவிட்டது.

அவர் புஷ்ஷை என் பக்கம் நகர்த்தினார். "வளராதாம், ஆனா சுருங்குமாம். சரி மேடம். ரெண்டுல ஒண்ணு. இன்னான்னு பாத்து வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க முன்வாசல் வழியாகவே நடந்து போனார். யாரோ "இன்னா யூரியா, நேரத்தோட கெளம்பிட்ட?" என்றார்கள்.

சனிக்கிழமை கேஜையும் அந்த புஷ்ஷையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிண்டிக்குப் போனேன். அங்கே அளவுக் கருவிகளைச் சோதித்துத் தருகிற ஒரு கூடம் இருந்தது. சட்டையில் மை கசிந்த ஒருவர் வாங்கிப் பார்த்தார். இரண்டையும் மணிக்கணக்காகக் கருங்கல் மேஜையில் போட்டு வைத்தார், எல்லாம் ஒரே சூட்டுக்கு வர வேண்டுமாம். பிறகு அளந்தார். புஷ் நான் பஞ்ச் அடித்த அன்று எப்படியோ அப்படியே இருந்தது. கேஜ் இரண்டு முனையிலும் ஆறு மைக்ரான் பெரிது.

"எண்ணெய்ல போட்ட பெறகு சரியா சூடு காட்டுனாங்களா?" என்று கேட்டார்.

"கரண்ட் போயிடுச்சு சார்."

"அப்புறம் எங்கயாவது ரொம்பக் குளிர்ல வெச்சீங்களா?"

எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் ஐந்து மார்க் கேள்வி அது. நான் நாலரை வாங்கியிருந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், பூந்தமல்லி தாண்டும் வரைக்கும், அந்த நாலரை மார்க் பதிலை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். இரும்புக்குள் அணுக்கள் வரிசை கட்டித்தான் நிற்கும். நன்றாகக் காய்ந்த இரும்பில், ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால், எட்டு மூலையில் ஒவ்வொன்று, ஆறு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொன்று. நெருக்கமான அடுக்கு. ஆறிய இரும்பில் மூலைக்கு ஒன்று, பெட்டியின் நட்டநடுவில் ஒன்று. இது கொஞ்சம் தளர்வு. மெதுவாக ஆறவிட்டால் இரும்போடு கலந்திருக்கிற கார்பன் அணுக்கள் தள்ளி நடந்து தனியாகச் சேர்ந்துகொள்ளும், இரும்பும் நிதானமாக இடம் மாறிக்கொள்ளும். திடீரென்று எண்ணெயில் போட்டால் நடக்க நேரம் இல்லை. அத்தனை அணுவும் பக்கத்து அணுவை விடாமல், ஒரு அணுவின் அகலம்கூட நகராமல், ஒன்றாகச் சாய்ந்து புது வரிசைக்கு வந்துவிடும். ஒதுங்க முடியாத கார்பன் உள்ளேயே மாட்டிக்கொண்டு பெட்டியை ஒரு பக்கம் நீட்டிவிடும். அந்த இறுக்கத்தில்தான் இரும்பு கெட்டியாகிறது.

ஆனால் எல்லா அணுவும் மாறுவது இல்லை. அங்கங்கே சில திட்டுகள் பழைய நெருக்கமான அடுக்கிலேயே நின்றுவிடும். அவற்றுக்குப் போதிய குளிர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியே எத்தனையோ காலம் நிற்கும். இன்னும் குளிர வைத்தால் அவையும் சாய்ந்து மாறும். மாறினால் அதே அணுக்களுக்கு முன்பைவிட அதிக இடம் வேண்டும். அப்புறம் அறைச் சூட்டுக்குக் கொண்டு வந்தாலும் பழையபடி திரும்பாது. ராத்திரி மட்டும் வைத்தபோது அந்தக் குளிர் போதவில்லை. நான் ஒரு வாரத்துக்கு மேல் கதவைத் திறக்காத ஐஸ்பெட்டியில் அதை வைத்துவிட்டு, வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். விரியக் கூடாது என்று வைத்தேன். அட, என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

அதாவது: நல்ல புஷ்ஷை எல்லாம் சின்னது என்று நான் தள்ளினேன். அவர் தேய்த்துக் கெடுத்துக் கொடுத்தார். போகக் கூடாத முனையும் வளர்ந்திருந்ததால் கெட்டதை எல்லாம் நான் பாஸ் பண்ணினேன். ஆயிரத்துச் சொச்சம் நல்ல புஷ்ஷை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாழாக்கினோம். அதில் ஒருவருக்குத்தான் வேலை போனது.

அன்று சாயங்காலம் முதலாளி அறையில், கிண்டிக்காரர் அளந்து எழுதித் தந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். படித்தார்.

"கேஜு தப்பா? இத யாரு பண்ணது?"

"அண்ணன்தான் சார்."

"அப்போ கேஜையும் அவன்தான் தப்பா அடிச்சிருக்கான். நல்ல வேள, அனுப்புனோம்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. ரிப்போர்ட் வந்தால் அவர் தப்பிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். ரிப்போர்ட்டில் ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒரு நிமிஷம் அப்படி நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நானும் டெம்பரரிதான்.

"இல்ல சார். அடிச்ச அன்னிக்குச் சரியா இருந்துச்சு. நான்தான் அளந்தேன். அப்புறம் நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அணு என்று ஆரம்பித்தேன், கொட்டாவி விட்டார். வெளியே போய், லாரியில் திரும்பி வந்த புஷ்களில் ஒரு தட்டைத் தூக்கி வந்து அவர் மேஜையில் வைத்தேன். மரத் தட்டு, மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு. புஷ்களை நிற்க வைத்து அடுக்கினேன். முதல் வரிசையின் இடுக்குகளில் இரண்டாவது வரிசை, அதன் இடுக்குகளில் மூன்றாவது, தேன்கூட்டு அடுக்கு. ஏழு வரிசை. தட்டுக்குள் கச்சிதமாக நின்றது.

"இது பழைய அடுக்கு சார். இப்பப் பாருங்க" என்று ஸ்கேலை வைத்து, ஒன்று விட்டு ஒரு வரிசையைப் பக்கவாட்டில் அரை புஷ் அளவுக்குத் தள்ளினேன். இடுக்கில் உட்கார்ந்திருந்த புஷ் எல்லாம் ஏறி நேருக்கு நேராக நின்றது. ஒன்றுகூடத் தன் வரிசையை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு தள்ளலுக்கும் அடுக்கு முன்னால் நீண்டது. கடைசி வரிசை திறந்த பக்கமாக வழிந்து மேஜைக் கண்ணாடியில் டணார் டணார் என்று விழுந்தது. ஒன்று உருண்டு போய் முதலாளியின் மருந்து டப்பாவில் முட்டி நின்றது.

"அதே எண்ணிக்கைதான் சார். இடம் மட்டும் பத்தலை. ஐஸ்ல வெச்சதால உள்ள இப்படி மாறிடுச்சு."

அவர் அந்தப் புஷ்ஷை எடுத்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"ஐஸ்ல வெச்சது யாரு?"

"நான் சார்."

"வெக்கச் சொன்னது?"

"நீங்க சார்."

ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. "அவன வரச் சொல்லு" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் வெளிய சொல்லிக்கினு இருக்காத."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒருவரைப் பார்த்துச் சிரித்தேன் என்று சொன்னேன். பரிகாரமாக அருள்நிறைந்த மரியே செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். எனக்கே மனது ஆறவில்லை, ரொம்பச் சல்லிசாக இருந்தது. பூசை முடிந்ததும் நேரே பென்னலூருக்குப் போனேன்.

அவர் வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் உட்காரவில்லை. கிண்டி, ஐஸ்பெட்டி, தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெடலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்போ வளந்துச்சா, இல்லியா?"

"வளந்துச்சுண்ணா."

"எவ்ளோ?"

"ஆறு மைக்ரான்."

"நான் அஞ்சுன்னு நெனச்சேன்" என்றார். விரலால் தடவி அதைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் கேஜை எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

"நாளைக்கு வாங்கண்ணா. முதலாளி வரச் சொல்லிட்டார்."

அவர் சக்கரத்தை நிறுத்தினார். "மொதலாளி கூப்ட்டா வருவேன், வராம இன்னா. ஆனா, இங்க வூட்டாண்ட வந்து சொன்னீங்களே, அன்னிக்குச் சிரிச்சது வூட்டாண்டயா? எம் புள்ள பள்ளிக்கூடத்துலயே யூரியா பொண்ணுன்னுதான் கூப்புடுறானுங்க மேடம். டீக்கடையிலேர்ந்து அங்கயும் போயிடுச்சு."

எனக்குக் காது சூடாகவில்லை. கண்தான் சூடானது. "ஷெட்டுல, எல்லார் முன்னாலயும் சொல்றேன்ணா" என்றேன்.

திங்கட்கிழமை காலை டீ வந்த நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. எல்லோரும் டம்ளரோடு இருந்தார்கள். அவர் தன் மெஷின் பக்கத்தில் நின்றார். நான் அறைக்கு வெளியே வந்தேன். முதலாளி அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே சொல்லாதே என்றவர் உள்ளேதான் இருந்தார்.

"எல்லாரும் கேளுங்க. கேஜ் வளந்துதான் இருக்கு. அண்ணன் சொன்னது சரி. ஐஸ்பெட்டில வெச்சு வளர்த்தது நான். திரும்பி வந்த மால் அத்தனையும் என் தப்பு. அவர் கைல ஒரு தப்பும் இல்ல" என்றேன். டீக்கடைக்காரர் கெட்டிலோடு அப்படியே நின்றார். அவர் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பிறகு பாக்கிங்கில் இருந்தவன், அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து சிரித்த அதே ஆள், "இன்னா மேடம், இரும்பு வளருதா? யூரியா போட்டீங்களா?" என்றான்.

ஷெட்டு சிரித்தது. அன்றைக்குச் சிரித்ததைவிட அதிகமாகவே சிரித்தது. என் வார்த்தை, என் முகத்தில் வந்து விழுந்தது. முப்பது பேருக்கு நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "டேய், மூடு" என்றார். "ஐஸ்ல வெச்சா வளரும். மேடம் கிண்டிக்குப் போயி பாத்துக்கினு வந்துகீது. மேடம், அந்தத் தட்ட எடுங்க."

தட்டை எடுத்து வந்தேன். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, தான் கெடுத்த புஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து, இடுக்கில் இடுக்கில் அடுக்கினார். நான் ஒரே ஒரு தடவை வாயால் சொன்னதுதான், என்னைவிட நேர்த்தியாக அடுக்கினார். "தள்ளுங்க" என்றார். நான் ஸ்கேலால் தள்ளினேன். கடைசி வரிசை வழிந்து சிமென்ட் தரையில் ஓடியது. ஒரு புஷ் பாக்கிங்காரன் காலுக்குக் கீழே போய் நின்றது. அவன் குனிந்து எடுத்து, தட்டைப் பார்த்தான், மறுபடி புஷ்ஷைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மத்தியானம் அண்ணன் கேஜை மெஷினில் மாட்டி, ஆறு மைக்ரானைத் தேய்த்து எடுத்தார். மாற வேண்டிய திட்டுகள் மாறிவிட்டதாலோ என்னவோ, அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வருஷங்களில் அந்த கேஜ் ஒரு மைக்ரான்கூட அசையவில்லை. சாமி புஷ்ஷை எடுத்து வந்தார். கேஜை உள்ளே விட்டோம், உஸ்ஸென்று காற்றைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. புதுக் குங்குமம் வைத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். ஆடி கழிந்ததும் அவர் பர்மனென்ட் ஆனார்.

யூரியா என்கிற பெயர் அந்தத் திங்கட்கிழமையோடு அவரை விட்டு என் பக்கம் வந்துவிட்டது. கல்யாணமாகி அந்த வேலையை விடுகிற வரைக்கும் அந்த ஷெட்டில் எனக்கு அதுதான் பெயர். லேத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள், டீக்கடைக்காரர் கூப்பிட்டார், ஒரு தடவை முதலாளியே வாய் தவறிக் கூப்பிட்டார். எல்லோரையும் திட்டினேன். அண்ணன் மட்டும் கடைசி நாள் வரைக்கும் மேடம் என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியும்.